சந்தையில் வாங்கிய மாட்டோடு கோமாரியும் வந்துவிட்டது, யாரிடம் சொல்வது?

வாசகி ஒருவர் முழுத்தாளில் எட்டுப் பக்கம் எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். தமிழ்நாட்டின் எல்லையோரக் கிராமம், பக்கத்து மாநிலச் சந்தை அரை மணி நேரத் தூரம் என்பது மட்டும் தெரிந்தால் போதும். கணவர் வெளியூரில் வேலை பார்க்கிறார். ஐந்து கறவை மாடுகளையும் இரண்டு கன்றுகளையும் இவர் ஒருவரே பார்த்துக்கொள்கிறார். சொசைட்டிக்குப் பால் ஊற்றித்தான் வீடு நடக்கிறது.

சென்ற மாதம் மகளிர் குழுவில் கடன் வாங்கி, எல்லை தாண்டிய அந்தச் சந்தையில் இரண்டு கலப்பின மாடுகளைப் பிடித்திருக்கிறார். தரகர் துண்டுக்கடியில் விரல் பிடித்து விலை முடித்திருக்கிறார். இரண்டும் சேர்த்து 1,25,000 ரூபாய். சந்தையிலேயே 20,000 ரொக்கம். அன்று இரவு தரகர் தன் வண்டியில் மாடுகளைக் கொண்டுவந்து இவர் வாசலில் இறக்கியதும், மீதி 1,05,000 ரூபாயைப் போன் வழியாக அனுப்பியிருக்கிறார். "கோமாரி ஊசியெல்லாம் போட்டாச்சு, காதுல கம்மல் கெடக்குது பாருங்க" என்று தரகர் சொன்னதை வார்த்தை மாறாமல் எழுதியிருக்கிறார். கம்மல் என்று அவர் சொன்னது காதில் மாட்டியிருக்கும் அடையாள எண் வில்லையை.

நான்காம் நாள் ஒரு மாட்டின் வாயிலிருந்து எச்சில் நூல் நூலாக ஒழுகியது. தீவனத்தை முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொண்டது. நாக்கை இழுத்துப் பார்த்தபோது மேல்தோல் உரிந்து ரத்தச் சிவப்பாக இருந்ததாம். ஊரில் ஊசி போடும் ஒருவரை அழைத்தார்கள். அவர் பார்த்ததுமே, வாயிலும் குளம்பிலும் புண் வரும் தொற்றுநோயான கோமாரி என்று சொல்லி, ஊசி போட்டுவிட்டு, அடுத்த வீட்டுக்கும் போனார். ஒன்பதாம் நாள் பழைய மாடுகளில் மூன்று படுத்தன. பதினோராம் நாள், காலையில் தாயிடம் பால் குடித்த கன்று சாயங்காலம் திடீரென்று விழுந்து செத்தது. தென்னைக்கடியில் புதைத்துவிட்டார்கள். பக்கத்து வீட்டு மாட்டுக்கு எட்டு மாதச் சினை கலைந்தது. அந்த வீட்டுக்காரர் வக்கீல் நோட்டீஸ் அனுப்புவேன் என்கிறார்.

இன்றுவரை அரசு கால்நடை மருந்தகத்துக்குச் சொல்லவில்லை. சொன்னால் மாடுகளை ஓட்டிப்போய்க் கொன்றுவிடுவார்கள், சொசைட்டியில் பால் எடுக்கமாட்டார்கள், சந்தையை மூடிவிட்டு ஊரே நம்மைத் திட்டும் என்று மாமியார் தடுக்கிறார். சட்டம் படிக்கும் அண்ணன் மகனோ, கால்நடை மாநிலப் பட்டியலில் வருவதால் அடுத்த மாநிலத்துக்காரரை நாம் ஒன்றும் செய்ய முடியாது என்கிறான். தரகர் சொல்வதும் அதுவே: "உங்க ஊர் சட்டம் இங்க செல்லாதும்மா." கடைசிப் பக்கத்தில் ஒரு வரி. வரும் செவ்வாய்க்கிழமைச் சந்தையில் இந்த இரண்டு மாடுகளையும் வந்த விலைக்குத் தள்ளிவிடலாமா என்று கேட்டிருக்கிறார்.

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடைசி வரியிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் அதற்குத்தான் நாள் குறைவாக இருக்கிறது. அந்த மாடுகளைச் சந்தைக்கு ஓட்டாதீர்கள். அந்தச் சந்தை மட்டுமல்ல, எந்தச் சந்தையும் வேண்டாம். வீட்டுக்கு வந்து கேட்கும் வியாபாரிக்கும் கொடுக்காதீர்கள்.

இதுவரை நடந்ததில் உங்கள் மேல் பெரிய தவறு எதுவும் இல்லை. நம்பி வாங்கினீர்கள், ஏமாந்தீர்கள். ஆனால் ஊசி போட்டவர் கோமாரி என்று சொன்ன நிமிடத்திலிருந்து நீங்கள் விஷயம் தெரிந்தவர் ஆகிவிட்டீர்கள். கால்நடைகளின் தொற்றுநோய்த் தடுப்புக்காக 2009-இல் நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தின் 13-ஆவது பிரிவு, நோய் இருக்கிறது என்று தெரிந்த மாட்டைச் சந்தைக்கோ திருவிழாவுக்கோ பொது இடத்துக்கோ கொண்டுவரக் கூடாது என்கிறது. கொண்டுவர முயல்வதும் குற்றம். கோமாரி அந்தச் சட்டத்தின் அட்டவணையில் உள்ள நோய். இன்று தரகரைப் பார்த்து "தெரிந்தே என் தலையில் கட்டிவிட்டாரே" என்று கேட்கும் உரிமை உங்களுக்கு இருக்கிறது. செவ்வாய்க்கிழமை மாட்டை ஓட்டிக்கொண்டு போனால் அந்த உரிமையை வழியிலேயே விட்டுவிடுவீர்கள். அங்கே வாங்கப்போவதும் உங்களைப் போலக் குழுக் கடன் எடுத்த ஒரு பெண்ணாக இருக்கலாம். அவருக்கும் நான்காம் நாள் அந்த எச்சில் நூல் தெரியும்.

மாமியாரின் பயம்

அவர் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. பறவைக் காய்ச்சல் வந்த இடத்தில் கோழிகளையும் வாத்துகளையும் மூட்டை மூட்டையாக அழித்ததைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பார். ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் வந்த பண்ணைகளிலும் பன்றிகளை அழிக்கிறார்கள். ஆனால் நம் நாட்டில் கோமாரிக்கு அந்த வழி இல்லை. தடுப்பூசியும், நோய்ப்பட்ட மாட்டைத் தனியே கட்டுவதும்தான் இங்கே நடைமுறை. இந்த நோய்க்காகத்தான் 2019 செப்டம்பரில் மத்திய அரசு தேசியத் தடுப்பூசித் திட்டத்தைத் தொடங்கியது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை இலவசமாகப் போடுகிறார்கள். நோய் பரவாமல் தடுக்க வேறு வழியில்லை என்றால் ஒரு மாட்டைக் கருணைக்கொலை செய்ய மருத்துவர் எழுத்து மூலம் உத்தரவிடலாம் என்று 2009 சட்டத்தில் ஒரு பிரிவு இருக்கத்தான் செய்கிறது. அதை உங்களிடம் மறைக்கவில்லை. ஆனால் வாயும் குளம்பும் ஆறி மறுபடி தீவனம் எடுக்கக்கூடிய கறவை மாடுகளை அந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை.

பால் விஷயத்தில் நேர்மையாகவே இருங்கள். நோய்ப்பட்ட மாடுகளின் பாலைச் சொசைட்டிக்கு ஊற்றாதீர்கள். அது இழப்புதான், தெரியும். ஊசி மருந்து ஏறிய மாட்டின் பாலை எப்படியும் சில நாள் ஊற்றக் கூடாது. நல்ல மாடுகளின் பாலை என்ன செய்வது என்று மருத்துவர் சொல்லட்டும். கோமாரி மனிதர்களுக்குப் பெரிய ஆபத்தான நோயல்ல. காய்ச்சிய பாலுக்குப் பயப்பட வேண்டியதில்லை. கன்றுக்குத்தான் ஆபத்து. காலையில் துள்ளிய கன்று மாலையில் விழுந்தது என்று எழுதியிருந்தீர்கள். இந்தக் கிருமி இளங்கன்றின் இதயத்தசையைத் தாக்கி, வாயில் ஒரு கொப்புளம்கூடத் தெரியாமலே கொன்றுவிடும் என்று கால்நடை மருத்துவர்கள் சொல்வார்கள். இன்னொரு கன்று இருக்கிறதே, அதை இன்றே பிரித்துக் கட்டுங்கள். நோய்ப்பட்ட தாயின் பாலைக் குடிக்க விடாதீர்கள்.

சந்தையை மூடுவது பற்றி: ஒரு பகுதியைக் கட்டுப்பாட்டுப் பகுதி என்று மாநில அரசு அறிவித்தால், அங்கே சந்தை கூடுவதையும் மாடுகள் போய்வருவதையும் நிறுத்தி வைக்கலாம். அப்படி நடந்தால் ஊர் உங்களைத்தான் பேசும், உண்மைதான். சந்தை மூடாமலே இருந்தால் என்ன ஆகும் என்பதை உங்கள் கட்டுத்தறியிலேயே பார்த்துவிட்டீர்கள்.

யாரிடம் சொல்வது, எப்படிச் சொல்வது

2009 சட்டத்தின் 4-ஆவது பிரிவைக் கொஞ்சம் விரித்தே சொல்கிறேன். உங்கள் கேள்விகள் எல்லாவற்றுக்கும் பதில் அங்கேதான் இருக்கிறது.

மாட்டுக்கு அட்டவணை நோய் இருக்கலாம் என்று நம்பக் காரணம் இருந்தால், அதன் உரிமையாளர் கிராம அதிகாரிக்கோ பஞ்சாயத்துக்கோ தெரிவித்தே ஆகவேண்டும். விருப்பம் இருந்தால் சொல்லலாம் என்று விட்டுவைக்கவில்லை, கட்டாயம். அவர்கள் வழியாகத் தகவல் கால்நடை மருத்துவருக்குப் போகும். அந்த மருத்துவர், கால்நடைத் துறையின் இயக்குநருக்குச் சொல்ல வேண்டும். அதோடு நிற்பதில்லை. நோய் வந்த இடத்தை ஒட்டியுள்ள மாநிலங்களின் இயக்குநர்களுக்கு நம் இயக்குநர் தகவல் அனுப்ப வேண்டும், அவர்கள் தங்கள் பக்கம் தடுப்பு வேலையைத் தொடங்குவதற்காக. இதுவும் அதே பிரிவில்தான் எழுதப்பட்டிருக்கிறது.

"இரண்டு மாநிலமும் ஏன் பேசிக்கொள்வதில்லை" என்று கோபமாகக் கேட்டிருந்தீர்கள். பேசிக்கொள்வதற்கான வழியைச் சட்டம் போட்டு வைத்திருக்கிறது. அது உங்கள் வாசலில்தான் தொடங்குகிறது. நீங்கள் மருந்தகத்துக்குச் சொல்லாதவரை, அரசுக் கணக்கில் உங்கள் ஊரில் கோமாரி இல்லை. இல்லாத நோய்க்கு எந்த இயக்குநர் எந்த இயக்குநருக்குக் கடிதம் எழுதுவார்? உங்களுக்கு முன்பு அந்தச் சந்தையில் மாடு விற்றவரோ, அவருக்கு முன்பு விற்றவரோ சொல்லியிருந்தால், தகவல் எதிர்த்திசையில் வந்து உங்களைக் காப்பாற்றியிருக்கும். அவர்களும் ஏதோ ஒரு மாமியாருக்குப் பயந்துதான் வாயைத் திறக்கவில்லையோ என்னவோ.

வாய்மொழியாகச் சொன்னால் போதாது. ஒரு தாளில் எழுதி இரண்டு நகல் எடுத்து, ஒன்றைக் கிராம நிர்வாக அலுவலரிடமும் ஒன்றை மருந்தகத்திலும் கொடுத்து, உங்கள் நகலில் தேதியோடு கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். நீளமாக எழுத வேண்டாம். மாடு வாங்கிய தேதி, சந்தை, மாடுகளின் காதுவில்லை எண்கள், முதல் அறிகுறி தெரிந்த நாள், எத்தனை மாடுகள் படுத்தன, கன்று இறந்த நாள், புதைத்த இடம். இவ்வளவு போதும். மருந்தகத்துக்கு நடக்க முடியாவிட்டால் 1962 என்ற எண்ணுக்கு அழைத்தால் நடமாடும் மருத்துவ வண்டி வரும். அப்போதும் அந்தத் தாளைக் கொடுத்துவிடுங்கள். வாயிலிருந்து மாதிரி எடுத்து ஆய்வுக்கு அனுப்பும்படி கேளுங்கள். மாவட்டத்தில் கால்நடை நோய் புலனாய்வுப் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. இந்த வேலைக்காகத்தான் இருக்கிறது. புண் ஆறிவிட்டால் மாதிரி எடுப்பது கடினம், அதனால் தள்ளிப்போடாதீர்கள்.

சீரகம், வெந்தயம், மிளகு, பூண்டு, தேங்காய், வெல்லம் அரைத்து நாக்கில் தடவுவதாக எழுதியிருந்தீர்கள். தடவுங்கள், கால்நடை மருத்துவர்களே சொல்லித்தரும் முறைதான் அது. ஆனால் வீடு வீடாகப் போகும் அந்த ஊசிக்காரரை இனிக் கொட்டகைக்குள் விடாதீர்கள். ஒரே செருப்பு, ஒரே கை, ஒருவேளை ஒரே ஊசி. நோய் உங்கள் வீட்டிலிருந்து பக்கத்து வீட்டுக்கு எந்தக் காலில் போனது என்று யோசித்துப் பாருங்கள். கால்நடை வைத்தியம் செய்யப் பதிவு பெற்ற மருத்துவருக்குத்தான் சட்டப்படி அதிகாரம் உண்டு. சிறு உதவிகளைச் செய்யும் ஊழியர்கள்கூட அவர் மேற்பார்வையில்தான் செய்ய வேண்டும்.

"உங்க ஊர் சட்டம் இங்க செல்லாது"

அண்ணன் மகன் சொன்னது பாதி சரி. கால்நடைப் பாதுகாப்பு, கால்நடை நோய்த் தடுப்பு, கால்நடை மருத்துவம் மூன்றும் அரசியலமைப்பின் மாநிலப் பட்டியலில் 15-ஆவது இனமாக இருக்கின்றன. அதோடு புத்தகத்தை மூடிவிட்டான் போலிருக்கிறது. பொதுப் பட்டியலில் 29-ஆவது இனத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். மனிதரையோ விலங்கையோ பயிரையோ தாக்கும் தொற்றுநோய் ஒரு மாநிலத்திலிருந்து இன்னொரு மாநிலத்துக்குப் பரவாமல் தடுப்பது அங்கே இருக்கிறது. நாடாளுமன்றமும் சட்டம் இயற்றலாம், மாநிலமும் இயற்றலாம். 2009 சட்டத்தின் முகப்பிலேயே மாநிலம் விட்டு மாநிலம் நோய் பரவுவதைத் தடுப்பதும் நோக்கம் என்று எழுதியிருக்கிறார்கள். அதற்கு முன்பு ஒவ்வொரு மாநிலமும் தனித்தனிச் சட்டம் வைத்திருந்தது; ஓரிடத்தில் அறிவிக்க வேண்டிய நோய் இன்னோரிடத்தில் அப்படி இல்லை. இன்று எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே சட்டம்தான். தரகர் தைரியமாகச் சொன்னது தவறு.

இது நாடுகளே பட்டுத் தெரிந்துகொண்ட பாடம். 1920-இல் இந்தியாவிலிருந்து பிரேசிலுக்குக் கப்பலில் போன மாடுகள் வழியில் பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப் துறைமுகத்தில் இறக்கப்பட்டன. அவற்றோடு மாட்டு வெக்கை நோயும் இறங்கியது. அந்த அதிர்ச்சியில்தான் 28 நாடுகள் கூடி, 1924-இல் பாரிஸில் உலக விலங்கு நல அமைப்பை நிறுவின. எந்த நாட்டில் நோய் கிளம்பினாலும் மற்ற நாடுகளுக்கு ஒளிக்காமல் சொல்ல வேண்டும் என்பது அதன் அடிப்படை விதி. கொத்துக் கொத்தாக மாடுகளைக் கொன்ற அந்த வெக்கை நோய் இந்தியாவில் கடைசியாகத் தென்பட்டது 1995-இல், நம் தமிழ்நாட்டில்தான். 2011-இல் உலகத்திலிருந்தே ஒழிந்ததாக அறிவித்தார்கள். பெரியம்மைக்கு அடுத்து மனிதர்கள் முற்றிலும் ஒழித்த நோய் அது ஒன்றுதான். ஒரு நாடோ ஒரு மாநிலமோ தனியாக நின்று அதைச் செய்யவில்லை. எல்லைப்புறச் சந்தைகளில், உங்களைப் போன்றவர்கள் வந்து சொன்ன தகவலை நம்பித்தான் அந்த வேலை நடந்தது.

நம் ஏற்பாட்டில் ஓட்டைகளும் இருக்கின்றன, அதையும் சொல்ல வேண்டும். சோதனைச் சாவடி அமைக்கலாம் என்றுதான் சட்டம் சொல்கிறது. எல்லா வழிகளிலும் இல்லை. இருக்கும் சாவடியிலும் இரவு இரண்டு மணிக்கு வண்டிக்குள் ஏறி மாட்டின் வாயைத் திறந்து பார்க்க ஆள் இருப்பாரா என்பது கேள்விதான். சட்டத்தை மீறினால் தண்டனை சிறிய அபராதத்தில் தொடங்குகிறது. ஒரு மாட்டின் விலையோடு வைத்துப் பார்த்தால் தரகருக்கு அது ஒன்றுமே இல்லை. இரண்டு பக்கமும் ஒரே சந்தைக்கு வருகிறார்கள் என்றால் இரண்டு பக்கமும் ஒரே வாரத்தில் தடுப்பூசி போட வேண்டும். ஒரு பக்கம் இந்த மாதம், மறுபக்கம் இரண்டு மாதம் கழித்து என்றால் நடுவில் ஊசி வேகம் குறைந்த மாடுகள் சந்தையில் நின்றுகொண்டே இருக்கும். எனக்கு இதில் மிகுந்த ஆதங்கம் உண்டு. இரண்டு மாவட்ட இணை இயக்குநர்கள் ஒரு மேசையில் உட்கார்ந்து நாள் குறித்தால் தீரக்கூடிய விஷயம் இது.

இதை நீங்களே கேட்கலாம். மாதாமாதம் ஆட்சியர் அலுவலகத்தில் விவசாயிகள் குறைதீர் கூட்டம் நடக்கிறது. திங்கள்கிழமை மனு நாளும் இருக்கிறது. ஊரில் பாதிக்கப்பட்ட மற்றவர்களையும் சேர்த்துக்கொண்டு போங்கள். அறிக்கை கொடுத்து ஒரு மாதம் ஆனதும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு கேள்வி போடுங்கள்: எங்கள் ஊரில் கோமாரி வந்தது பற்றி அண்டை மாநில இயக்குநருக்கு 4-ஆவது பிரிவின்படி தகவல் அனுப்பப்பட்டதா, எந்தத் தேதியில்? 30 நாளில் பதில் தர வேண்டும். அனுப்பாமல் விட்டிருந்தால்கூட இந்தக் கேள்வி வந்த பிறகு அனுப்பிவிடுவார்கள்.

பக்கத்து வீட்டுக்காரர்

அவர் வழக்குப் போடலாம், தடுக்க முடியாது. ஜெயிப்பது எளிதல்ல. உங்கள் மாட்டிலிருந்துதான் நோய் வந்தது என்று அவர்தான் காட்ட வேண்டும். கோமாரிக் கிருமி காற்றில் வரும், தீவனத்தில் வரும், பால் கேனில், செருப்பில், ஊசிக்காரரின் கையில் வரும். அதோடு, நீங்கள் கவனக்குறைவாக நடந்தீர்கள் என்றும் காட்ட வேண்டும். மாடு வாங்கிய நாளில் உங்களுக்கு நோய் பற்றித் தெரியாது.

தெரிந்த பிறகு என்ன செய்தீர்கள் என்பதில்தான் நீங்கள் பலவீனமாக இருக்கிறீர்கள். நோய்ப்பட்ட மாட்டைப் பிரித்து வைக்கும் கடமையை 5-ஆவது பிரிவு உரிமையாளர் மேல் வைக்கிறது. இன்னும் பொதுத் தொட்டியில் தண்ணீர் காட்டுகிறீர்களா? மிச்ச வைக்கோலை யாருக்காவது கொடுத்தீர்களா? இன்றோடு நிறுத்துங்கள். மருந்தகத்தில் கையெழுத்து வாங்கிய அந்த நகல், நாளை நோட்டீஸ் வந்தால் உங்களிடம் உள்ள மிகப் பெரிய ஆவணம். அதைவிட நல்ல வழி ஒன்றும் உண்டு. நோட்டீஸ் வருமுன் நீங்களே அவர் வீட்டுக்குப் போங்கள், கொட்டகைக்குள் போகாமல் வாசலில் நின்று, மருத்துவரை அழைத்திருக்கிறேன், உங்கள் மாட்டையும் பார்க்கச் சொல்கிறேன் என்று சொல்லுங்கள். சினை கலைந்த வருத்தத்தில் இருக்கிறார் மனிதர். பாதி நோட்டீஸ்கள் யாரும் வந்து ஒரு வார்த்தை கேட்கவில்லை என்ற கோபத்தில் வருபவை. இருபது வருடமாக அவற்றைத் தட்டச்சு செய்யக் கொடுப்பவன் நான்.

தரகரிடமிருந்து பணம்

துண்டுக்கடியில் முடிந்த விலைக்கு எழுத்து கிடையாது. ஆனாலும் வாய்மொழி ஒப்பந்தமும் ஒப்பந்தம்தான். உங்களிடம் ஒரு நல்ல சாட்சி இருக்கிறது: போனில் அனுப்பிய 1,05,000 ரூபாய். மாடு உங்கள் வாசலில் இறங்கியது, பணம் அங்கிருந்தே போனது. வழக்குக்குக் காரணமான சம்பவத்தில் ஒரு பகுதி உங்கள் ஊரில் நடந்திருப்பதால், உங்கள் பகுதி நீதிமன்றத்திலேயே வழக்குப் போட உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 20-ஆவது பிரிவு இடம் தருகிறது. தீர்ப்பை அடுத்த மாநிலத்துக்கு அனுப்பியும் நிறைவேற்றலாம்.

1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தில், மோசடி என்றால் என்ன என்று சொல்லும் 17-ஆவது பிரிவுக்கு ஒரு குதிரை உதாரணம் உண்டு. நோயுள்ள குதிரை என்று தெரிந்தும் ஒருவர் ஏலத்தில் வாய் திறக்காமல் விற்றால் அது மோசடி ஆகாது. பார்த்து வாங்குவது வாங்குபவர் பொறுப்பு. ஆனால் வாங்குபவர், "நீங்கள் மறுக்காவிட்டால் குதிரை நல்லது என்றே எடுத்துக்கொள்வேன்" என்று சொல்லி, விற்பவர் சும்மா இருந்தால், அந்த மௌனம் பேச்சுக்குச் சமம். உங்கள் விஷயத்தில் மௌனம்கூட இல்லை. "ஊசி போட்டாச்சு" என்று வாய்விட்டே சொல்லியிருக்கிறார். அது பொய் என்றால் வழக்குக்கு நல்ல அடித்தளம்.

பொய்யா என்பதை எப்படிக் காட்டுவது? காதுவில்லையில் 12 இலக்க எண் இருக்கிறது. அது நாடு முழுவதற்கும் ஒரே கணக்கு; அடுத்த மாநிலத்தில் மாட்டிய வில்லையையும் உங்கள் மருத்துவர் தன் செயலியில் தட்டிப் பார்க்கலாம். கடைசியாக எந்தத் தேதியில் தடுப்பூசி போட்டார்கள், பதிவில் உரிமையாளர் யார் என்று தெரியும். வில்லை தொங்குவது மாடு பதிவானதற்கு அடையாளம், அவ்வளவுதான். ஊசி போட்டதற்கு அத்தாட்சி அல்ல. அதைத்தான் தரகர் உங்களிடம் குழப்பிவிட்டார். பதிவு பார்க்கும்போது பக்கத்தில் இருந்து, அந்த விவரத்தை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

இங்கே இரண்டு எச்சரிக்கை. பதிவில் நான்கு மாதம் முன்பு ஊசி போட்டதாக இருந்தால் தரகர் சொன்னது உண்மையாகிவிடும். தடுப்பூசி போட்ட மாட்டுக்கும் சில நேரம் நோய் வரும். ஊசியின் வேகம் ஆறு மாதத்தில் குறையும். கிருமி உள்ளே போய் 2 முதல் 14 நாளில் நோய் தெரியும் என்பதால், உங்களுக்கு நான்காம் நாள் தெரிந்தது சந்தையிலேயே தொற்றியிருக்கலாம், வண்டியிலும் தொற்றியிருக்கலாம். அடுத்தது, வாங்கும் முன் எண்ணைப் பார்த்திருக்கலாமே என்று எதிர்த்தரப்பு கேட்கும். வழக்கைப் பலவீனப்படுத்தும் கேள்விதான். ஆனால் அவரிடமும் ஒரு ஓட்டை இருக்கிறது: மாடுகளை வண்டியில் ஏற்றும்போது, தொற்றுநோய் இல்லை, பயணத்துக்குத் தகுதி உண்டு என்று கால்நடை மருத்துவர் கொடுத்த சான்றிதழ் கூடவே வர வேண்டும் என்கின்றன 1978-ஆம் ஆண்டின் விலங்குப் போக்குவரத்து விதிகள். அந்தத் தாளைக் காட்டச் சொல்லி முதல் நோட்டீசிலேயே கேட்கலாம்.

மாட்டைத் திருப்பிக் கொடுத்துப் பணத்தைக் கேட்பது இப்போது நடக்காது. நோய்ப்பட்ட மாட்டை நகர்த்தவே கூடாது. மாடுகளை வைத்துக்கொண்டு நஷ்டஈடு கேளுங்கள். அதற்கு மூன்று ஆண்டு அவகாசம் இருக்கிறது, அவசரப்பட வேண்டாம். செலவுக்குக் கவலை என்றால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். பெண்களுக்கு வருமான வரம்பு இல்லாமல் இலவசச் சட்ட உதவி உண்டு. வழக்காக ஆகும் முன்பே தரகரை அழைத்துப் பேசவும் அங்கே வழி இருக்கிறது. என்னைக் கேட்டால் உங்களுக்கு அதுதான் நல்லது. முழுத் தொகை வராது. ஒரு பங்காவது சீக்கிரம் வரும், குழுக் கடனுக்கு ஆகும்.

காப்பீடு பற்றி ஒரே வரி எழுதியிருந்தீர்கள், பழைய மாடுகளுக்கு இருக்கிறது என்று. மாடு ஏதாவது இறந்தால் புதைக்கும் முன்பே காப்பீட்டு நிறுவனத்துக்கும் மருத்துவருக்கும் சொல்லிவிடுங்கள். பிரேதப் பரிசோதனை இல்லாமல், காதுவில்லை இல்லாமல் கோரிக்கை நிற்காது. கன்றைப் புதைத்தது போல அவசரப்பட்டுப் புதைத்துவிடாதீர்கள். கோமாரியில் இறந்த மாட்டுக்கு அரசு தானாக இழப்பீடு தரும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அரசே உத்தரவிட்டு அழிக்கும் கோழிக்கும் பன்றிக்கும் உள்ள ஏற்பாடு அது.

இந்தப் பதில் உங்கள் கைக்கு வரும் நாள் சந்தை நாளுக்கு முந்தின நாளாக இருக்கலாம். அப்படியென்றால் வேலையை இந்த வரிசையில் செய்யுங்கள். புது மாடுகளையும் படுத்த மூன்றையும் கொட்டகையின் ஒரு மூலைக்கு மாற்றி, அவற்றுக்குத் தனி வாளி, தனித் தொட்டி வையுங்கள். நல்ல மாடுகளை முதலில் கறந்துவிட்டு, நோய்ப்பட்டவற்றைக் கடைசியாகக் கறங்கள். நடுவில் கையையும் காலையும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். பிறகு இரண்டு மாட்டின் காதுவில்லையையும் எண் தெளிவாகத் தெரியும்படி போனில் படம் எடுங்கள். எச்சிலும் சாணமும் ஒட்டியிருக்கும், ஈரத்துணியால் துடைத்துவிட்டு எடுங்கள். அந்தப் படத்தோடு நேரே மருந்தகத்துக்குப் போங்கள். மாமியாரையும் கூட்டிக்கொண்டு போங்கள். அவருடைய கேள்விகளை டாக்டரிடம் அவரே கேட்கட்டும்.